எத்தனை டிகிரியில் பிடிக்கத் தொடங்கும்? சாலைக்கும் டிராக்குக்கும் பிரேக் பேடு

சென்னை ஜி.பி. ரோட்டின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால், 'பெர்ஃபாமன்ஸ்' பிரேக் பேடு தேடி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி காதில் விழும்: "எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்?" கடைக்காரர் 600 என்பார், இன்னொரு பெட்டியை எடுத்து இது 800 என்பார். எண் பெரிதாக இருந்தால் பேடும் உசத்தி என்று வாங்குகிறவர் முடிவு செய்துவிடுவார். மறுநாள் காலை அதே காரில்தான் பிள்ளையைப் பள்ளியில் விடப் போவார். முதல் சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும், பேடு இறுக்கிப் பிடிக்கிற இரும்பு டிஸ்க்கின் சூடு 50 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. அந்தச் சூட்டில் இந்தப் பேடு எப்படிப் பிடிக்கும் என்று கடையில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

நாள்தோறும் சாலையில் ஓடி, அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்கோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போய்வரும் காருக்குப் பேடு வாங்கும்போது, அது தாங்கும் உச்ச வெப்பத்தைவிட அது சரியாகப் பிடிக்கத் தொடங்கும் வெப்பத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காரணம் புரிய, சூட்டின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேக்கின் வேலை, ஓடும் காரிடம் இருக்கும் ஆற்றலைச் சூடாக்கிக் காற்றில் விடுவது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக், அண்ணா சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து சிக்னலில் வந்து நின்றால் சுமார் 167 கிலோஜூல் சூடு பிறக்கிறது. அதே கார் டிராக்கில் ஒரு வளைவுக்காக 140-லிருந்து 70-க்கு இறங்கினால் 680 கிலோஜூல். கார் நிற்கவே இல்லை, வேகம் பாதியானதற்கே நான்கு மடங்கு சூடு. இரண்டேகால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கேஸ் அடுப்புக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கிற வேலை இங்கே இரண்டு மூன்று நொடியில் முடிகிறது.

இதில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தை முன் சக்கரங்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. முன் டிஸ்க் ஒன்று 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், சிக்னலில் ஒருமுறை நிற்பதற்கு டிஸ்க்கின் சூடு 20 டிகிரி போல ஏறும். அடுத்த சிக்னல் வருவதற்குள் அதில் பெரும்பகுதி ஆறிவிடும். டிராக்கில் ஒருமுறை மிதித்தால் 80 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிறகு அதற்கடுத்தது. இரண்டு மூன்று சுற்றுக்குள் டிஸ்க் 400, 500 டிகிரிக்குப் போவது இப்படித்தான். நகரத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் 150 டிகிரியைத் தாண்டாத அதே டிஸ்க்.

டிராக்குக்கு டிராக்கும் இந்தக் கணக்கு மாறும். கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், நேர்ப்பாதைகள் சின்னவை. உச்ச வேகம் குறைவு, ஆனால் இரண்டு வளைவுகளுக்கு நடுவே பிரேக் ஆறவும் நேரம் குறைவு. இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் 5.125 கி.மீ., அங்கே ஒரு நேர்ப்பாதையே ஒரு கிலோமீட்டருக்கு மேல். அங்கே 180-லிருந்து 80-க்கு ஒரே மிதியில் இறங்கினால், அதே சின்னக் காருக்கே 1,200 கிலோஜூல். கோவையில் நாள் முழுக்க ஒழுங்காக இருந்த பேடு நொய்டாவில் மூன்றாவது சுற்றிலேயே கைவிட்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மலைப்பாதையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பிரேக்கை உண்மையில் வதைப்பது அங்கேதான். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். குடும்பமும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையோடு இறங்கும் கார், கீழே வருவதற்குள் 28,000 கிலோஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். டிராக்கில் நாற்பது முறை ஓங்கி மிதித்ததற்குச் சமம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பரவி வருவதாலும், இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே ஒரு பெரும் பங்கை விழுங்கிக்கொள்வதாலும்தான் சாதாரணக் கார்கள் நல்லபடியாகக் கீழே வந்து சேருகின்றன. நியூட்ரலில் போட்டு, பெடலில் காலை வைத்தபடியே இறங்குகிறவருக்கு எந்தப் பேடும் போதாது. மலைக்காக மட்டும் விலையுயர்ந்த பேடு வாங்க நினைப்பவர்களிடம், முதலில் கியரை மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பேடுக்குள் இருப்பது ஒரு கலவை. அரைத்த உலோகம், கிராஃபைட், நார்கள், உராய்வைக் கூட்டும் கடினமான துகள்கள், வெறுமனே இடத்தை நிரப்பும் பொருட்கள். இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஃபீனாலிக் ரெசின் என்ற பிசின். சரியான விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் சமையல் ரகசியம் போலக் காக்கிறது. இந்தக் கலவைக் கலை நமக்கு அந்நியமானதும் இல்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே என்று, நாட்டின் வண்டிகளை நிறுத்திவைக்கும் தொழில் பல பத்தாண்டுகளாக சென்னையில்தான் வேரூன்றியிருக்கிறது. காரோடு வரும் பேடை மட்டமாக நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காலை ஐந்து மணிக் குளிரிலும், மழையிலும், முழுச் சுமையிலும், சத்தம் போடாமல், டிஸ்க்கையும் தின்னாமல் பல பத்தாயிரம் கிலோமீட்டர் பிடிக்கிற ஒரு கலவையை உருவாக்குவது பந்தயப் பேடு செய்வதைவிட எளிதான வேலை அல்ல.

இந்தத் துறையின் கதை 1897-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் மரப் பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்து, உராய்வுக்கென்றே தனிப் பொருள் செய்யலாம் என்று யோசித்தாராம். அவர் தொடங்கிய ஃபெரோடோ இன்றும் பந்தயப் பேடுகளில் பெரிய பெயர். பிறகு நீண்ட காலம் ஆஸ்பெஸ்டாஸ்தான் இந்தத் தொழிலின் அடிப்படை. சூடு தாங்கும், மலிவு, எதோடும் கலக்கும். அதன் தூசி நுரையீரலை அழிக்கிறது என்பது உறுதியானதும் பல நாடுகளில் 1980-களிலும் 90-களிலும் அது விலக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் இன்று பெட்டிகளில் நாம் படிக்கும் ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக் எல்லாம்.

ஆர்கானிக் மென்மையானது, சத்தமில்லாதது, குளிரிலேயே நன்றாகப் பிடிக்கும், சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். செமி மெட்டாலிக்கில் எஃகு நாரும் இரும்புத் தூளும் நிறைய, சூட்டை நன்றாகத் தாங்கும், தூசியும் சத்தமும் கூடுதல். செராமிக் என்ற பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் செராமிக் என்று விற்கப்படும் சாலைப் பேடு, தூசியும் சத்தமும் குறைய வேண்டும் என்று செய்யப்பட்டது. சூப்பர்கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்கோடு அதற்குப் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அதை டிராக்குக்கான பேடு என்று நினைத்து வாங்கக் கூடாது.

இப்போது அந்தத் தொடக்க வெப்பத்துக்கு வருவோம். பேடு டிஸ்க்கை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, கடினமான துகள்கள் இரும்பைச் சுரண்டுவது. மற்றொன்று, பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிந்து, அந்தப் படலமும் பேடும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவது. நல்ல பேடின் பிடிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது. படலம் உருவாகவும், தேயத் தேயப் புதுப்பித்துக்கொள்ளவும் சூடு வேண்டும். சாலைப் பேடுக்கு அறையின் வெப்பமே ஏறக்குறையப் போதும். பந்தயப் பேடுக்குப் பல சமயம் 150, 200 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே பேடு வெறும் உப்புத்தாள் போல டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும். படலம் அழியும், டிஸ்க் தேயும், கீச்சென்று ரயில் நிற்கிற சத்தம் வரும். கலவையைப் பொறுத்து, பெடலை மிதித்ததும் கிடைக்க வேண்டிய பிடி முதல் ஒரு நொடிக்கு வராமலே போகலாம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது 16 மீட்டருக்கு மேல்.

எடுத்துக்காட்டாக இரண்டு பேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபெரோடோவின் டிஎஸ்2500 பேடுக்கு நிறுவனம் சொல்லும் வரம்பு 20 முதல் 500 டிகிரி வரை, சராசரி உராய்வு 0.42. ஹாக் நிறுவனத்தின் டிடிசி-60 பேடுக்குச் சொல்லப்படுவது சுமார் 200-லிருந்து 870 டிகிரி வரை. உச்ச எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் வாங்கத் தோன்றும். முதல் எண்ணைப் பாருங்கள்: 20 எங்கே, 200 எங்கே. நகரத்தில் ஓடும் கார் 200 டிகிரியைத் தொடுவதே அபூர்வம். அந்தப் பேடோடு வேளச்சேரி டிராஃபிக்கில் போகிறவர், அது வேலை செய்யாத பகுதியிலேயே தன் பயணம் முழுவதையும் ஓட்டுகிறார். புதிய பந்தயப் பேடுகளில் சில குளிரிலும் ஓரளவு பிடிக்கின்றன, அதை மறுக்கவில்லை. அவையும் டிஸ்க்கைத் தின்பதில் குறை வைப்பதில்லை.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். எண்களும் எழுத்துகளுமாக ஒரு நீண்ட வரி இருக்கும், அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகள் உராய்வைச் சொல்பவை. அமெரிக்காவின் எஸ்ஏஇ முறைப்படி 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55, 'ஹெச்' அதற்கு மேல். முதல் எழுத்து மிதமான சூட்டில், இரண்டாவது கூடிய சூட்டில். 'ஜிஜி' என்றிருந்தால் 'எஃப்எஃப்'-ஐவிடப் பிடி கூடுதல் என்பது வரை சரி. ஆனால் இந்தச் சோதனை ஒரு சதுர அங்குலத் துண்டை வைத்து ஆய்வகத்தில் செய்வது, கூடிய சூடு என்று அது எடுத்துக்கொள்வதும் சுமார் 340 டிகிரி வரைதான். டிராக்கின் சூடு அங்கிருந்துதான் ஆரம்பம். அதனால் இந்த எழுத்துகள் சாலைக்கு ஒரு வழிகாட்டி, டிராக்குக்கு அவ்வளவாக உதவாது. சில பேடுகளில் இவற்றோடு 'ஏ', 'பி', 'என்' என்று மூன்றாவதாக ஓர் எழுத்தும் இருக்கும். அது பிடியைப் பற்றியது அல்ல. பிரேக் தூசியில் உள்ள செம்பு மழைநீரோடு ஓடைகளுக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்று கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-இல் சட்டம் போட்டன. 2021-க்குள் 5 சதவீதத்துக்கும், 2025-க்குள் அரை சதவீதத்துக்கும் கீழே செம்பு இறங்க வேண்டும். 'என்' என்பது அந்த அரை சதவீதத்துக்குள் வந்தது. இதற்காகப் பல பழைய கலவைகள் மாற்றி எழுதப்பட்டன.

ஐரோப்பியப் பேடுகளில் 90ஆர் என்ற முத்திரை இருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். அந்தப் பேடின் பிடி, காரோடு வந்த அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்று சோதித்துக் கொடுக்கப்படுவது அது. பந்தயப் பேடுகளுக்கு இந்த முத்திரை இருப்பதில்லை, அவை சாலைக்காகச் செய்யப்படுவதும் இல்லை.

இன்னொரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பேடு போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கிறோம். உங்கள் காரில் இப்போதிருக்கும் பேடோடு, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில், 60-இல் ஓங்கி மிதித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் படபடவென்று அடித்தால் பேடுக்கு இன்னும் பலம் மிச்சம் இருக்கிறது, டயர்தான் தரையை விட்டுவிடுகிறது என்று பொருள். அந்தக் காருக்கு எந்தப் பேடு போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் குறையாது, நல்ல டயர் போட்டால் குறையும். விலையுயர்ந்த பேடு வாங்கித் தருவது, பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை போலவே பிடிப்பதை. பத்தாவது முறை என்று ஒன்று உங்கள் ஓட்டத்தில் வருவதே இல்லை என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1953-இல் நடந்ததும் இதுதான். ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்து வென்றன. அன்றைய டிரம் பிரேக்குகளும் ஒருமுறை மிதித்தால் நன்றாகவே நிறுத்தும். நீண்ட முல்சான் நேர்ப்பாதையின் முடிவில், சுற்றுக்குச் சுற்று, ராத்திரி பகலாக, ஒரே மாதிரி நிறுத்த அவற்றால் முடியவில்லை.

சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். இரண்டையும் காலாலேயே பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. பேடு தன் எல்லையைத் தாண்டினால் பெடல் கல்லு மாதிரி இறுகியே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் வேகம் குறையாது. பிசின் கருகி, அதிலிருந்து கிளம்பும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்பதும், கலவையே உராய்வை இழப்பதும் இதற்குக் காரணம். இரண்டாவது விதத்தில் பெடல் பஞ்சு போல அமுங்கித் தரை வரை போய்விடும். அங்கே குற்றவாளி, கால் அழுத்தத்தைப் பேடு வரை கொண்டுபோகும் பிரேக் ஆயில். ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகிவிட்டால், உங்கள் கால் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் கொல்லிமலையிலிருந்து ஒரு நண்பரின் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம்தான் நல்ல பேடு போட்டேன் என்ற தைரியத்தில் அவர் மூன்றாவது கியரிலேயே வந்தார். பாதி வளைவுகள் தாண்டியதும் கருகல் வாசனை, இன்னும் கொஞ்சத்தில் பெடல் கீழே போயிற்று. இரண்டு மூன்று முறை பம்ப் செய்து, முதல் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கையும் இழுத்து ஓரமாக நிறுத்தினார். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் திரும்ப வந்தது. பேடில் ஒரு குறையும் இல்லை. ஆயிலை நான்கு வருடமாக மாற்றவில்லை. அன்றிலிருந்து யார் பேடைப் பற்றிக் கேட்டாலும், ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இந்த எண்கள் 205-ம் 140-ம், டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில்கள் புதிதில் 312 டிகிரி வரை தாங்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் நிரப்பிக் குழாய்களில் தங்கிய காற்றை எடுத்துவிடுவது, கிடைப்பதிலேயே மலிவான முன்னேற்றம். பேடு அதற்குப் பிறகுதான்.

சரி, யார் எதை வாங்குவது? நகரம், நெடுஞ்சாலை, வருடத்துக்கு இரண்டு முறை மலை என்று ஓட்டுகிறவர் காரோடு வந்த தரமான பேடையே போடட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'வுக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை போய், அதே காரில் வீட்டுக்கும் திரும்புகிறவருக்கு டிஎஸ்2500 போன்ற, தாழ்ந்த தொடக்க வெப்பமும் 500 டிகிரி அளவு உச்சமும் கொண்ட இடைப்பட்ட பேடு பொருந்தும். கொஞ்சம் தூசி, மழைக்கால காலையில் கொஞ்சம் கீச்சொலி இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதம் தவறாமல் டிராக்குக்குப் போய், ஒட்டும் டயரும் போட்டு, நேரத்தைக் குறைக்கப் பாடுபடுகிறவருக்கு இந்த நடுவழி நிலைக்காது. டயர் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க பிரேக்குக்குப் போகும் சூடும் கூடும். அவர் இரண்டு செட் வைத்துக்கொள்வதுதான் முறை: சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. பேடு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஜாக்கி, ஸ்டாண்டு, இரண்டு மூன்று ஸ்பேனர், பழகிவிட்டால் முன்பக்கம் இரண்டுக்கும் முக்கால் மணி நேரம். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

இரண்டு செட் வைத்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கலவை டிஸ்க்கில் விட்ட படலத்தின் மேல் வேறொரு கலவை சரியாகப் படியாது. மாற்றிய உடனே பிடி குறையும், சில சமயம் பெடல் நடுங்கும். முடிந்தால் இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒத்துப்போகும் கலவைகளாக வாங்கலாம், இல்லையென்றால் டிராக்குக்குத் தனி டிஸ்க்கே வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மெக்கானிக் கடைசல் பிடிக்கச் சொல்லும் காரில், பல நேரம் நடந்திருப்பது இதுதான்: படலம் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் படிந்துவிட்டிருக்கும்.

அந்தப் படலத்தைச் சீராகப் படியவைப்பதைத்தான் 'பெட்-இன்' என்கிறார்கள். 80, 90 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு உறுதியாக எட்டுப் பத்து முறை குறைக்க வேண்டும், நடுவில் ஒருமுறைகூட முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேடு ஓரிடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் தடித்த படிவு விழும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். முதல்முறை சூடேறும்போது புதுப் பிசினிலிருந்து வாயு வெளியேறும், அந்தச் சமயத்தில் பிடி சட்டென்று விழலாம். டிராக்கில் முதல் செஷனிலேயே இது நடந்து பயந்துபோனவர்கள் உண்டு. ஒவ்வொரு பேடுக்கும் நிறுவனம் தரும் முறை கொஞ்சம் மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிடுங்கள். இதைப் பின்னால் வண்டி வரும் சாலையில் செய்யாதீர்கள், டிராக்கின் முதல் சில சுற்றுகளில் செய்வதே நல்லது.

பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் பின்னால் டிரம்தான், அதனால் முன்பக்கப் பேடு மட்டும் மாறும், முன்புறப் பங்கு கொஞ்சம் கூடும். ஏபிஎஸ் அதைச் சமாளித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் டிஸ்க் உள்ள காரில் முன்பக்கத்தைவிடக் கடுமையான பேடைப் பின்பக்கம் போடுவதுதான் ஆபத்து. பின் சக்கரம் முதலில் பிடித்துக்கொண்டால் கார் சுழலும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் உங்கள் பேடு மற்றவர்களுடையதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். சாலையில் அதற்குப் பந்தயப் பேடு போடுவது எல்லாவற்றிலும் மோசமான தேர்வு.

உங்கள் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். டிஸ்க்கின் ஓரத்தில் பூசுகிற வெப்பப் பெயிண்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். ஒரு செஷன் ஓடி வந்து பார்த்தால், பச்சை மட்டும் மாறியிருந்தால் இடைப்பட்ட பேடு போதும். மூன்றும் மாறியிருந்தால் பேடின் உச்ச எண்ணை அப்போது பார்க்கலாம், பார்த்தே ஆக வேண்டும். கடையில் கேட்கும் அந்த முதல் கேள்விக்கு இடம் இங்கேதான்.

டிராக் நாளில் இன்னும் சில. பேடின் தடிமன் பாதிக்குக் கீழே போயிருந்தால் அதோடு போகாதீர்கள். பேடு தேயத் தேயச் சூடு நேராக, அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போய்விடும். சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளின் பயன்பாட்டு வரம்பில் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். செஷனின் கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், காற்று பட்டு ஆறும்படி ஓட்டி வாருங்கள். டிராக்கோரம் வண்டி நிற்கும் பிட்டுக்கு வந்ததும் கைப்பிரேக் போடாதீர்கள், பெடலையும் அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இறங்குங்கள். மாலையில் எல்லாம் ஆறிய பிறகு சாலைப் பேடை மாட்டி, பிஸ்டன் திரும்ப வெளியே வரும்வரை நின்ற இடத்திலேயே பெடலை நான்கைந்து முறை மிதித்து, அது இறுகியிருப்பதைக் காலால் உணர்ந்த பிறகு வண்டியை எடுங்கள். இருங்காட்டுக்கோட்டை கேட்டைத் தாண்டினால் பெங்களூரு நெடுஞ்சாலை, ஞாயிறு மாலையில் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்.